சங்கு ஊதாத கம்பெனி: ஒர்க் லைஃப் பேலன்ஸ்னா என்னன்னு கொஞ்சம் பேசுவோம்

போன டிசம்பர்ல அப்பா கண்புரை ஆபரேஷனுக்காக கோயம்புத்தூர்ல இருந்து வந்து ரெண்டு வாரம் எங்க வீட்ல இருந்தாரு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஹால்ல உக்காந்து டிவிய பாக்க முடியாம கேட்டுட்டு மட்டும் இருப்பாரு. ராத்திரி ஒன்பதரை மணி, நான் ஒரு கைல தோசைய பிச்சுக்கிட்டு இன்னொரு கைய மியூட் பட்டன் மேலயே வச்சுக்கிட்டு ஆபீஸ் கான்ஃபரன்ஸ் கால்ல இருக்கேன், சட்னி லேப்டாப்புல சொட்டுது. மூணாவது நாளோ நாலாவது நாளோ, பொறுக்க முடியாம கேட்டுட்டாரு. "ஏங்கண்ணு, உங்க கம்பெனில சங்கே ஊத மாட்டாங்களா?"

நம்மூர்ல சங்கு ஊதுறதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு, அதனால அடுப்படில இருந்து என் பொண்டாட்டி சிரிச்ச சத்தம் கால்ல இருந்தவங்களுக்கே கேட்டிருக்கும். ஆனா அப்பா கேட்டது மில்லு சங்க. அவரு 31 வருஷம் நூல் மில்லுல வேலை பாத்தவரு. பகல் ஷிப்ட்டு, அரை நைட்டு, முழு நைட்டுன்னு மாறி மாறி போவாரு. சங்கு ஊதுச்சுன்னா அடுத்த ஆள் வந்து மெஷின்ல நிப்பான், இவரு கை கால் கழுவிட்டு தூக்குப்போசிய சைக்கிள் ஹேண்டில்ல மாட்டிட்டு வீட்டுக்கு கெளம்பிருவாரு. அந்த வேலை ஒண்ணும் சொர்க்கம் கிடையாது, பஞ்சு தூசில இருமல், மெஷின் சத்தத்துல பாதி காது போச்சு, முழு நைட்டு வாரத்துல பகல்ல தூக்கம் வராம எங்க மேல எரிஞ்சு விழுவாரு. ஆனா வீட்டுக்கு வந்துட்டா வீட்ல இருந்தாரு. ஸ்பின்னிங் மெஷின யாரும் பைல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியாதுல்ல.

அவரு கேட்ட கேள்விக்கு அன்னைக்கு நான் பதில் சொல்லல, ஏதோ சமாளிச்சேன். அப்புறம் யோசிச்சா, ஒர்க் லைஃப் பேலன்ஸ்னு எச்ஆர் மெயில்ல, போஸ்டர்ல எல்லாம் வர்ற விஷயத்த அவரு ஒரே வரில கேட்டுட்டாரு. இத பத்தி முதல் தடவையா யோசிக்கிறவங்களுக்கு, இப்பதான் வேலைக்கு சேர்ந்த தம்பி தங்கச்சிங்களுக்கு, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

மொதல்ல எல்லாரும் பண்ற தப்பு, பேலன்ஸ்னு சொன்ன உடனே தராச நெனச்சிக்கிறது. இந்தப் பக்கம் வேலை அந்தப் பக்கம் வீடு, ரெண்டும் சம எடை இருக்கணும்னு. அப்படிப் பாத்தா ஒருத்தர் கூட பாஸ் ஆக மாட்டாங்க. ஒரு கணக்கு போட்டு பாருங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 7 மணி நேரம் தூங்குனா 49 போச்சு. தினம் 9 மணி நேரம்னு அஞ்சு நாள் வேலை, அது 45. போக வர தினம் ரெண்டு மணி நேரம், சென்னை ஓஎம்ஆர் பக்கம் மெட்ரோ வேலை நடக்குறப்போ இது கம்மிதான், இருந்தாலும் 10னு வச்சுக்குவோம். மிச்சம் 64. வேலைக்கு குடுத்தத விட ஜாஸ்தி! பேப்பர்ல பாத்தா நம்ம எல்லாரும் பணக்காரங்க. அதுல குளியல் சமையல் கரண்ட் பில்லு கேஸ் புக்கிங்னு பாதி போனாலும் 30 மணி நேரம் கைல நிக்கணும். நிக்குதா? எனக்கு நிக்கல. எங்க போச்சுன்னு ஒரு வாரம் டைரில குறிச்சேன், அப்பதான் விஷயமே புரிஞ்சது.

நேரம் எங்கயும் போகல, இருந்துச்சு, ஆனா கிழிஞ்சு போய் இருந்துச்சு. ஒரு நூறு ரூபா நோட்ட எட்டா கிழிச்சு பாக்கெட்ல போட்டுக்கிட்டு கடைக்கு போங்க, எட்டு துண்டும் உங்ககிட்டதான் இருக்கு, ஒரு டீ கூட வாங்க முடியாது. என்னோட சாயங்காலம் அப்படித்தான் இருந்துச்சு. ஏழு மணிக்கு பாப்பாவோட ஹோம்ஒர்க்குக்கு உக்காந்தா ஏழு பத்துக்கு ஒரு மெசேஜ், பதில் ரெண்டே வரிதான், ஏழே காலுக்கு அதுக்கு ஒரு பதில், ஏழரைக்கு "கொஞ்சம் ஒரு நிமிஷம் ஜாயின் பண்ண முடியுமா". கூட்டிப் பாத்தா மொத்தமா 25 நிமிஷம் கூட வேலை பாத்திருக்க மாட்டேன், ஆனா அந்த சாயங்காலம் முழுசும் எனக்கும் ஆகல பாப்பாவுக்கும் ஆகல.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு மனோதத்துவ ஆளுங்க நல்லாவே ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க. சோஃபி லெராய்னு ஒருத்தர், மேனேஜ்மென்ட் பேராசிரியை, 2009-ல ஒரு பேப்பர் எழுதுனாங்க. ஒரு வேலைய முடிக்காம விட்டுட்டு இன்னொரு வேலைக்கு தாவுனா, நம்ம கவனம் முழுசா புது வேலைக்கு வராது, ஒரு பகுதி பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு. அடுப்பு மாத்தி வச்ச குழம்புச் சட்டில அடிப்பிடிச்சது மாதிரி. அதனால ஹோம்ஒர்க் நடுவுல வர்ற ரெண்டு நிமிஷ மெசேஜ் ரெண்டு நிமிஷத்துல முடியிறதில்ல, அடுத்த கால் மணி நேரத்துக்கு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும், பாப்பா "அப்பா, ஏழு எட்டு எவ்ளோ"ன்னு மூணு தடவ கேட்டப்புறம்தான் காதுல விழும்.

இன்னொருத்தர் சபீனே ஸொன்னென்டாக்னு ஜெர்மன்காரங்க. வேலை முடிஞ்சப்புறம் மனுஷன் எப்படி தேறி வர்றான்ங்கறதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவங்க. அவங்களும் இன்னொருத்தரும் சேர்ந்து 2007-ல சொன்னது, தேறி வர்றதுக்கு நாலு விஷயம் வேணும்னு. வேலைய மனசுல இருந்து எறக்கி வைக்கிறது, உடம்பும் மனசும் எளகுறது, வேலைக்கு சம்பந்தமே இல்லாத எதையாவது கத்துக்கிட்டு அதுல தேர்றது, அப்புறம் இந்த நேரத்துல நான் என்ன பண்ணணும்னு நானே முடிவு பண்றது. இதுல முதலாவதும் கடைசியும்தான் நம்ம மக்களுக்கு சுத்தமா இல்லன்னு எனக்கு தோணுது. ஞாயித்துக்கிழமை முழுக்க சோபால படுத்துக் கெடந்தும் திங்கக்கிழமை செத்துப்போன மாதிரி எந்திரிக்கிறோமே, அதுக்கு காரணம் இதான், உடம்ப மட்டும்தான் படுக்க வச்சோம், மனசு ஆபீஸ்லயே நின்னுட்டு இருந்துச்சு.

அதனால பேலன்ஸ்ங்கறத நான் இப்ப இப்படித்தான் புரிஞ்சு வச்சிருக்கேன்: வேலை எங்க முடியுதுன்னு ஒரு இடம் இருக்கணும், அந்த இடத்த வைக்கிறதுல உங்களுக்கும் கொஞ்சம் பேச்சு இருக்கணும். எத்தனை மணி நேரம்ங்கறது அடுத்த கேள்வி. எங்க தெரு முனைல மளிகைக்கடை வச்சிருக்கற அண்ணாச்சி காலைல ஆறு மணிக்கு ஷட்டர தூக்குனா ராத்திரி பத்தரைக்குதான் எறக்குவாரு, மணிக்கணக்கு பாத்தா என்னை விட ரெண்டு மடங்கு. ஆனா எறக்குனா எறக்குனதுதான். மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கடைய மச்சான்கிட்ட விட்டுட்டு தூங்கிருவாரு, எந்த கொம்பன் வந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. அவரு வாழ்க்கை சூப்பர்னு சொல்ல வரல, அவரு பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு தடவ கூட போனதில்லன்னு அவரே சொல்லிருக்காரு. இருந்தாலும் அந்த ஷட்டர் எனக்கு இல்லையேன்னு பொறாமையா இருக்கும்.

மணிக்கணக்கே முக்கியம் இல்லன்னு சொல்றேன்னு நெனச்சிராதீங்க, அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல வெளியிட்ட ஆய்வுல, வாரத்துக்கு 55 மணி நேரம், அதுக்கு மேல வேலை பாக்குறவங்களுக்கு, 35-ல இருந்து 40 மணி நேரம் பாக்குறவங்களோட ஒப்பிட்டா பக்கவாதம் வர்ற ஆபத்து 35% ஜாஸ்தி, இதய ரத்தக்குழாய் நோய்ல சாகுற ஆபத்து 17% ஜாஸ்தின்னு சொல்லிருக்காங்க. 2016-ங்கற ஒரே வருஷத்துல இந்த நீண்ட வேலை நேரத்தோட சம்பந்தப்பட்ட சாவு சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம்னு கணக்கு. இத வச்சுக்கிட்டு நம்ம பெரியவங்க சொன்னத பாருங்க. 2023 அக்டோபர்ல இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னாரு, 2025 ஜனவரில எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம், ஞாயித்துக்கிழமையும் வந்தா சந்தோஷம்னு பேசுன வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. சரி, மேல போட்ட கணக்கயே போடுவோம். 90 மணி, தூக்கம் 49, ஏழு நாளும் ட்ராவல்னா 14, மிச்சம் வாரத்துக்கு 15 மணி நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் சொச்சம். அதுல குளிச்சு சாப்பிட்டு பாத்ரூம் போயிட்டு வந்தா பாப்பா எந்த கிளாஸ் படிக்குதுன்னு கேக்கவே நேரம் இருக்காது. கார் டிரைவர், சமையல்காரர், வீட்டு வேலைக்கு ஆள் எல்லாம் இருக்கறவங்க போடுற கணக்கும் நம்ம போடுற கணக்கும் ஒண்ணு இல்லைங்க.

எட்டு மணி நேரம்ங்கறதே சும்மா வந்தது இல்ல, இதையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம். ஸ்காட்லாந்துல ராபர்ட் ஓவன்னு ஒருத்தர், அவரே ஒரு பஞ்சாலை முதலாளி, 1817 வாக்குல "எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு"ன்னு ஒரு கோஷத்த வச்சாரு. 1886-ல சிகாகோல எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்துல ரத்தம் சிந்துனதுலதான் மே தினமே வந்தது. அந்த மே தினத்த இந்தியாவுல முதல் தடவையா கொண்டாடுனது நம்ம சென்னை கடற்கரைலதான், 1923-ல, சிங்காரவேலர். 1942-ல இருந்து 46 வரைக்கும் வைஸ்ராய் கவுன்சில்ல தொழிலாளர் துறைய பாத்த அம்பேத்கர் எட்டு மணி நேரத்துக்காக நின்னாரு, 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓவர்டைம்னா ரெண்டு மடங்கு சம்பளம்னு எழுதி வச்சது. அப்பாவோட மில்லுல ஊதுன சங்குக்குப் பின்னாடி இத்தனை பேரு இருக்காங்க. 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபைல 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற திருத்தம் நிறைவேறுனப்ப தொழிற்சங்கங்க, கூட்டணிக் கட்சிங்க எல்லாம் கொதிச்செழுந்து பத்து நாளைக்குள்ள, சரியா மே 1-ஆம் தேதி, அத வாபஸ் வாங்குறதா முதல்வர் அறிவிச்சாரு. ஞாபகம் இருக்கும்.

ஆனா பாருங்க, இந்தச் சட்டம் எல்லாம் ஆள் ஒரு இடத்துக்கு வந்து போற காலத்துல எழுதுனது. கேட்ட பூட்டிட்டா வேலை நின்னுடும்ங்கற நம்பிக்கைல எழுதுனது. வேலை பாக்கெட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும்னு யாரு நெனச்சா?

எங்கள மாதிரி வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வேலை பாக்குறவங்க விஷயத்துல இதுக்கு மேல ஒரு கூத்து உண்டு, வெளில இருக்கறவங்களுக்கு தெரியாது. எங்க கிளையன்ட் நியூயார்க் பக்கம். அவங்களுக்கு காலைல 11 மணிக்கு மீட்டிங்னா கோடைல நமக்கு ராத்திரி எட்டரை. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அவங்க ஊர்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வைப்பாங்க, அப்புறம் மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அதே மீட்டிங் நமக்கு ஒன்பதரை. நம்ம கடிகாரத்த யாரும் தொடல, ஆனா நம்ம சாப்பாடு, பாப்பா தூக்கம், எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அப்பா வந்தது டிசம்பர், அதான் அந்த ஒன்பதரை தோசை. இத்தனை வருஷமா இது ஏதோ மழை வெயில் மாதிரி தானா நடக்குற விஷயம்னே நெனச்சிட்டு இருந்தேன். மீட்டிங்க அவங்களுக்கு 10 மணிக்கு வச்சா நமக்கு பழையபடி எட்டரைன்னு ஒரு தடவ கூட கேக்கணும்னு தோணல. இந்த "கேக்கணும்னே தோணாத" விஷயங்க எவ்ளோன்னு எழுதிப் பாருங்க, அதுலதான் பாதி பேலன்ஸ் ஒளிஞ்சிருக்கு.

நான் பண்ணதுல தோத்துப்போனத மொதல்ல சொல்லிடுறேன். "இனி வீட்ல லேப்டாப்ப தெறக்கவே மாட்டேன்"னு ஒரு சபதம், பதினோரு நாள் ஓடுச்சு. அப்புறம் டீம் வாட்ஸ்அப் குரூப்ப விட்டு வெளில வந்தேன், அடுத்த நாள் காலைல மேனேஜர் "ஏதாச்சும் பிரச்சனையா ப்ரோ"ன்னு தனியா கூப்ட்டு கேட்டாரு, வேற வேலைக்கு இன்டர்வியூ அட்டெண்ட் பண்றேன்னு புரளி கெளம்பி நானே திரும்ப போய் சேர்ந்துக்கிட்டேன். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு "எனக்கான நேரம்"னு யோகா பண்ணதும் ஒரு வாரம்தான், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் கால்ல இருக்கறவன் அஞ்சு மணிக்கு எந்திரிச்சா கெடைக்கிறது எனக்கான நேரம் இல்ல, எனக்கான தலைவலி.

இனி பலிச்சதுக்கு வருவோம். மேனேஜர்கிட்ட போய் "ஒர்க் லைஃப் பேலன்ஸ் வேணும் சார்"னு கேட்டா ஒண்ணும் நடக்காது, அவருக்கே அது இல்ல, பாவம். நான் ரெண்டு வாரம் எந்தெந்த கால் எதுக்கு, அதுல நான் எத்தனை நிமிஷம் பேசுனேன்னு குறிச்சு வச்சேன். வாரம் அஞ்சு ராத்திரி கால்ல மூணுல நான் "ஹலோ, பை" தவிர எதுவுமே பேசல. அத எடுத்துட்டு போய் காட்டி, செவ்வாய் வியாழன் மட்டும் நான் இருக்கேன் சார், மத்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஸ்டேட்டஸ எழுதி அனுப்பிடுறேன், சிஸ்டம் படுத்துருச்சுன்னா போன் பண்ணுங்க, எந்நேரமா இருந்தாலும் எடுக்குறேன்னு சொன்னேன். இதுல கடைசி வரிதான் முக்கியம். மெசேஜ்னா காலைல, போன்னா இப்பவே. இந்த ஒரு பிரிவினை வந்ததும் நான் மெசேஜ் ஆப்ப ஆறரைக்கு மேல சைலன்ட்ல போட்டுட்டேன், ஏன்னா நெஜமாவே அவசரம்னா போன் அடிக்கும்னு மனசுக்கு தெரியும். அஞ்சு மாசத்துல எத்தனை தடவ அடிச்சது தெரியுமா? மூணு. அது வரைக்கும் தினம் ராத்திரி இருபது தடவ போன எடுத்து எடுத்து பாத்துட்டு இருந்தது இந்த மூணுக்காகத்தான்.

ரெண்டாவது, கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாளைக்கு பாக்க வேண்டியத எழுதி வச்சுடுறது. கேட்டா சப்பையா இருக்கும். ஆனா முடிக்காத வேலை மனச அரிக்கும்ங்கறதுக்கு மருந்து அத முடிக்கிறது மட்டும் இல்ல, எப்ப எப்படி முடிப்பேன்னு ஒரு திட்டம் எழுதிட்டாலே அரிப்பு கொறையும்னு 2011-ல ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. 2018-ல அமெரிக்கால பெய்லர் யுனிவர்சிட்டில 57 பேர லேப்ல படுக்க வச்சு பாத்தாங்க, படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செய்ய வேண்டியத எழுதுனவங்க, செஞ்சு முடிச்சத எழுதுனவங்கள விட சீக்கிரமா தூங்கிட்டாங்களாம். சின்ன ஆராய்ச்சிதான், ஆனா பேப்பர் செலவு ஒரு ரூபா, முயற்சி பண்றதுல என்ன போச்சு. பழைய மளிகைக் கடைக்காரங்க ராத்திரி கல்லாவ எண்ணி நோட்டுல எழுதிட்டு ஷட்டர எறக்குவாங்கல்ல, கிட்டத்தட்ட அதுதான்.

மூணாவது எனக்கு நானே வச்சுக்கிட்ட சங்கு. அப்பா மில்லு விட்டு வந்ததும் நேரா பின்பக்கம் போய் கை கால் மூஞ்சி கழுவிட்டு லுங்கி மாத்திட்டுதான் எங்ககிட்ட பேசவே வருவாரு, பஞ்சுத் தூசி போறதுக்காகன்னு நாங்க நெனச்சிட்டு இருந்தோம். அத நானும் பண்றேன், வீட்ல இருந்து வேலை பாக்குற நாள்லயும். லேப்டாப்ப மூடி, பைல போட்டு, பைய பீரோவுல வச்சுட்டு, கீழ எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு, திரும்ப வந்து கை கால் கழுவுறது. ஆபீஸ்ல இருந்து அன்னைக்கு பஸ்லயே வரலன்னாலும் பஸ்ல வந்த மாதிரி ஒரு இடைவெளி. லாக்டவுன் காலத்துல நெறைய பேரு டிராஃபிக்க மிஸ் பண்றேன்னு சொன்னதுக்கு இதான் காரணம்னு நெனைக்கிறேன், நல்லா இருந்தது டிராஃபிக் இல்ல, அந்த நடுவுல இருந்த நேரம்.

இது வரைக்கும் நான் பேசுனது எல்லாம் என்னோட சங்கு பத்திதான். என் பொண்டாட்டி பேங்க்ல இருக்கா. அவளுக்கு கணக்கு முடிச்சு கெளம்புனா முடிஞ்சது, ராத்திரி கால் கெடையாது, அதனால அவளுக்கு பேலன்ஸ் நல்லா இருக்குன்னே ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். ஒரு வாரம் டைரி எழுதுனேன்னு சொன்னேன்ல, அத பாத்துட்டு அவளும் எழுதுனா. ஏழு மணிக்கு வீட்டுக்குள்ள கால் வச்சதுல இருந்து பத்தரை வரைக்கும் வரிசையா இருந்துச்சு, சாதம், பாத்திரம், யூனிஃபார்ம் அயர்ன், நாளைக்கு மாவு இருக்கான்னு பாக்குறது, ஸ்கூல் குரூப்ல வந்த மெசேஜ், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை தீந்துருச்சா. "ஏங்க, ஒரு சங்கு ஊதுனா எனக்கு அடுத்த ஷிப்ட்டு ஆரம்பிக்குது, மாத்தி விடத்தான் ஆள் வரல"ன்னா. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலைல ஈடுபடுற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷமும், ஈடுபடுற ஆண்கள் 97 நிமிஷமும் செலவு பண்றதா வந்திருக்கு. அந்த 97 நிமிஷம் கூட வீட்டு வேலை பாக்குற ஆம்பளைங்களோட சராசரிதான், பாக்காதவங்க அதுல சேர்த்தியே இல்ல. ஆக, ஒருத்தரோட பேலன்ஸுக்கு இன்னொருத்தர் முதுகு கொடுத்துட்டு இருக்கறது ரொம்ப சகஜம். எங்க வீட்ல இப்ப ராத்திரி பாத்திரமும், ஸ்கூல் குரூப்பும், மாத்திரை கணக்கும் என்னோடது. "ஹெல்ப் பண்றேன்"னு சொல்றத விட்டுட்டேன், சொன்னா திட்டு விழும். மாவு இன்னும் அவகிட்டதான் இருக்கு, நான் ஆட்டுனா இட்லி கல்லு மாதிரி வருது.

அப்புறம், மேனேஜர்கிட்ட டைரிய காட்டி பேசுறதுங்கறதே ஒரு வசதிதான், அது எல்லாருக்கும் கெடைக்காது. தி.நகர் துணிக்கடைல நாள் முழுக்க நின்னுட்டே இருக்கற பொண்ணுங்களுக்கு உக்கார ஒரு ஸ்டூல் போடணும்னு தமிழ்நாட்டுல சட்டத்திருத்தம் வந்ததே 2021-லதான். கேரளாவுல 2018-லயே வந்துருச்சு. உக்கார்றதுக்கே சட்டம் வேண்டியிருக்கற எடத்துல பேலன்ஸ்ங்கற வார்த்தைய எங்க போய் பேசுறது. சாப்பாடு டெலிவரி பண்ற பையன்கிட்ட "எப்ப வேணா லாக்இன் எப்ப வேணா லாக்அவுட், நீதான் ராஜா"ன்னு ஆப் சொல்லுது, ஆனா காசு கூட வர்றது மத்தியானமும் ராத்திரியும் ஊரே சாப்பிடுற நேரத்துலதான், அவன் எப்ப சாப்பிடுறது? ஊதுற சங்க அவன் கைலயே குடுத்துட்டாங்க, ஊதுனா சம்பளம் நிக்கும். இவங்களுக்கெல்லாம் தனி ஆளா பண்ற டிப்ஸ் எதுவும் உதவாது, சட்டமும் சங்கமும்தான் வழி. சில நாட்டுல அது நடக்குது. பிரான்ஸ்ல 2017 ஜனவரில இருந்து 50 பேருக்கு மேல இருக்கற கம்பெனிங்க, வேலை நேரத்துக்கு வெளில மெயில் போன்ல இருந்து விலகி இருக்கற உரிமைய பத்தி தொழிலாளர்ங்ககிட்ட பேசி முடிவு பண்ணணும்னு சட்டம். ஆஸ்திரேலியால 2024 ஆகஸ்ட்ல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, வேலை நேரத்துக்கு அப்புறம் வர்ற மெசேஜுக்கு பதில் சொல்லாம இருக்கலாம், அந்த மறுப்பு நியாயமில்லாததா இருந்தா மட்டும்தான் தப்பு. நம்ம நாட்டுல 2018-ல எம்.பி. சுப்ரியா சுலே மக்களவைல தனிநபர் மசோதாவா, அதாவது அரசாங்கம் இல்லாம ஒரு எம்.பி. தனியா கொண்டு வர்ற மசோதாவா, கொண்டு வந்தாங்க, தனிநபர் மசோதாவோட தலையெழுத்து தெரியும்ல, சட்டமாகல.

ஒரு விஷயத்த மட்டும் கலந்து கட்டிராதீங்க. ஒரு வாரம் வேலை ஜாஸ்தி, ரிலீஸ் நேரம், மார்ச் கடைசி ஆடிட்டு, தீபாவளி சீசன், அப்ப பேலன்ஸ் போறது சகஜம், திரும்ப வந்துரும். கல்யாண வீட்ல ரெண்டு நாள் தூங்கலன்னா யாரும் நோயாளி ஆகறதில்ல. மாசக்கணக்கா இழுத்துட்டு போறதுதான் வேற மாதிரி முடியும். 2019-ல உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்ட வேலை சம்பந்தமான ஒரு நிலைன்னு வகைப்படுத்துச்சு, அத நோய்னு சொல்லல. அதுக்கு மூணு அடையாளம் சொன்னாங்க: சத்தே இல்லாம உறிஞ்சு எடுத்த மாதிரி ஆகறது, வேலை மேல ஒரு வெறுப்பு இல்லன்னா எகத்தாளம் வர்றது, முன்னாடி ஈஸியா முடிச்ச வேலைய இப்ப முடிக்க முடியலையேன்னு ஆகறது. இதுல ரெண்டாவது அடையாளத்த நம்ம ஆளுங்க காமெடின்னு எடுத்துக்குவாங்க. டீம்ல எப்பவும் கலாய்ச்சுட்டே இருக்கற ஒருத்தன், எத சொன்னாலும் "என்ன பண்ணி என்ன ஆகப்போகுது"ன்னு சிரிக்கிறவன், அவன கொஞ்சம் தனியா கூட்டிட்டு போய் டீ வாங்கி குடுத்து பேசிப்பாருங்க. தூக்கம் போச்சு, காரணமில்லாம அழுகை வருதுன்னா டாக்டர்கிட்ட போகணும், மத்திய அரசோட டெலி மானஸ் நம்பர் 14416, தமிழ்லயும் பேசலாம், காசு கெடையாது.

அப்பாவுக்கு கண்ணு இப்ப நல்லா தெரியுது, ஊர்ல பேப்பர் படிச்சுட்டு இருக்காரு. நான் இத எழுதிட்டு இருக்கறது அக்டோபர் கடைசி. நவம்பர் முதல் ஞாயிறு நியூயார்க்ல கடிகாரத்த திருப்புவாங்க, செவ்வாய் வியாழன் கால் எட்டரைல இருந்து ஒன்பதரைக்கு போயிடும். இந்த தடவ அவங்க 10 மணிக்கு வச்சுக்க முடியுமான்னு ஒரு மெயில் எழுதி டிராஃப்ட்ல வச்சிருக்கேன், நாலு வரிதான். மூணு நாளா அதுலயே கெடக்குது, நாளைக்கு காலைல டீக்கு முன்னாடி அனுப்பணும்னு பேப்பர்ல எழுதிருக்கேன்.